நாற்பத்தொண்ணாம் நம்பர் ரத்தம்

மேலகரம்
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள உமாவுக்கு,

அன்று தென்காசி கோயிலில் உலகம்மன் சந்நிதியில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரரான உன் பெரியத்தான், அவுக தம்பி, நீ. எண்ணெய் விளக்கு விற்கும் கடற்கரை என்கிறவன் தட்டோடு தூண் பக்கம் நின்றான். உள்ளே குருக்கள். வேறு யாரும் இல்லை. தேதி 6.9.2024, வெள்ளிக்கிழமை, சாயரட்சை நேரம். நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், ஞாபகத்தில் இருந்து இல்லை.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், நீ தம்பியை ஓசூருக்கு உன் மகள் வடிவு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, எங்கள் வாசலில் காரில் ஏறும் முன்னே தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னாய். "உங்க வீட்டுக்காரர் உயிருக்கு என் வீட்டுக்காரர் உயிரைக் குடுக்கேன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டீங்கள்லா" என்றாய். பக்கத்து வீட்டு சுல்தான் பீவி வாசல் பெருக்கிய விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டாள். கார் போய்விட்டது. அன்றிலிருந்து போன் போட்டால் நீ எடுப்பதில்லை. சுல்தான் பீவி போனில் இருந்து போட்டேன். என் குரலைக் கேட்டதும், "சொல்ல வேண்டியது இருந்தா எழுதுங்க. எழுத்துன்னா பின்னால மாத்த முடியாது" என்று வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

நான் வேண்டிக்கொண்டது இவ்வளவுதான். நாற்பத்தெட்டு நாள் நெய் விளக்கு ஏற்றுகிறேன் தாயே, அவுக ரத்தத்தைத் தேற்றிக் கொடு. இதில் தம்பி பேர் எங்கே வந்தது? கட்டி வந்த நாளில் இருந்து, கொழுந்தன் என்று நான் நினைத்ததே இல்லை. என் கூடப் பிறந்ததுகளில் ஒன்றும் எனக்கு அப்படி இல்லை. அது உனக்கும் தெரியும்.

அப்போது எனக்கு என்ன பயம் என்பதை நீ மறந்துவிட்டாய். குற்றாலத்தில் அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டு, அறுபத்தைந்து தாண்டினவர்களுக்கு ரத்தம் எடுத்தார்களே, 11.8.2024-ல். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுப்போம், ரத்தத்தில் உள்ள எந்தெந்த அளவு மாறினால் வயசானவர்கள் உடம்பு சாயப் போகிறது என்று பார்ப்போம் என்றார்களே. ரிப்போர்ட்டில் உன் பெரியத்தானுக்கு நாலு இடத்தில் சிவப்புக் கோடு. தம்பிக்கு ஒன்று கூட இல்லை. அந்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னது: "இது நோயோட பேர் இல்லம்மா. மலையில கருக்கல் கட்டுனா அருவிக்குத் தண்ணி வரும்னு சொல்லுதீங்கள்லா, அது மாதிரி. ரத்தம் முன்கூட்டியே காட்டுது. என்னன்னு தேடிப் பாருங்க." தேடினோம். அக்டோபரில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் அவுகளுக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். அங்கே எடுத்த ரத்தமும் நன்றாக இருந்தது. சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒன்றை மறைக்கவில்லை. இந்த மார்ச்சில் இரண்டாவது ரிப்போர்ட் வந்த அன்று நான் முதலில் அவுக தாளைத்தான் பிரித்தேன். எல்லாம் தேறியிருந்தது. போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் தம்பி தாளைப் பிரித்தேன். அந்த முறை கோடு எல்லாம் தம்பி தாளில் இருந்தது. பிறகு தேடினதில்தான் தம்பி குடலில் கட்டி என்று தெரிந்தது. நான் தேங்காய் உடைத்ததை நீ பார்த்தாய். அதனால்தான் உனக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

தம்பிக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறாய்? ஆப்பரேஷன் புண் ஆறிவிட்டதா? உன் பெரியத்தான் தினமும் கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல.

இப்படிக்கு,
ஆனந்தவள்ளி


ஓசூர்
5.7.2025

அக்காவுக்கு,

ஆறு பேர் இருந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அறுபது பேர் இருந்தாத்தான் என்ன? வாய்க்குள்ள வேண்டிக்கிட்டதுக்கு எவன் சாட்சி சொல்லுவான், கடற்கரையா?

உங்க நோட்டு மாதிரி எங்கிட்ட நோட்டு கிடையாது. ஆனா நான் ஒண்ணும் மறக்கல. நாப்பத்தெட்டு நாள் விளக்குக்கும் நெய் வாங்கிக் குடுத்தது யாரு? சுந்தரபாண்டியபுரத்துல இருந்து தினமும் வண்டியில வந்து, உங்களை மேலகரத்துல ஏத்தி, கோயில்ல இறக்கி, திரும்பக் கொண்டு விட்டது யாரு? வீட்டுக்கு வந்ததும் சட்டையக் கூடக் கழட்டாம படுத்துக்கிடுவாரு. "என்னங்க இப்படி இளைக்கு"ன்னு கேட்டா, "மதினி பாத்துட்டாங்க, எனக்கு எல்லாம் நார்மலாம்"பாரு. போன ஆவணியில வயல்ல சூரியகாந்தி பூத்து நின்னப்ப, படம் புடிக்க வந்த கூட்டம் செடிய மிதிச்சிட்டுப் போனாங்க. எந்த வருசமும் கம்பைத் தூக்கிட்டு ஓடுற மனுசன். வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு. "விடு உமா, அவனுகளும் சிரிச்சிட்டுப் போட்டும்"னாரு. அன்னைக்கே எனக்குத் திக்குன்னு ஆயிட்டு. உங்ககிட்ட சொன்னேன். நீங்க நோட்டை விரிச்சுக் காட்டுனீங்க. "ரத்தம் பதினாலு இருக்கு, இரும்பு மாதிரி இருக்காரு, நம்பர் பொய் சொல்லாது"ன்னீங்க.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில நடந்தது ஞாபகம் இருக்கா? இல்ல அது நோட்டுல இல்லையா? பெரியத்தானைப் பாத்த டாக்டர், பக்கத்துல நின்ன இவரைப் பாத்து, "உங்களுக்கு என்ன முகம் இப்படி வெளுத்திருக்கு"ன்னு கேட்டாரு. இவரு வாயைத் தொறக்கும் முன்னால நீங்க சொன்னீங்க. "அவருக்கு எல்லாம் நல்லாருக்கு சார், ரிப்போர்ட் இருக்கு." டாக்டர் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சிட்டாரு. அவ்வளவுதான். அந்தக் குழாயை அன்னைக்கு இவருக்கு விட்டிருந்தா கட்டி அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆவுடையப்பன்னு இவரு பேர் போட்ட ரெண்டு ரிப்போர்ட்டையும், ஆவுடைநாயகம்னு பெரியத்தான் பேர் போட்ட ரெண்டையும் வடிவு ஊருக்கு வந்தப்ப போட்டோ எடுத்து வச்சிருந்தா. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். பெரியத்தானுக்கு இருந்த நோவெல்லாம் இவருக்கு வந்திருக்கு. இவருக்கு இருந்த தெம்பெல்லாம் பெரியத்தானுக்குப் போயிருக்கு. கையால எடுத்து மாத்தி வச்ச மாதிரி. இதுக்கு வேண்டுதல்னு சொல்லாம வேற என்ன பேர் வைக்கட்டும்? பேர்னதும் ஞாபகம் வருது. நான் மிலிட்டரி குவார்ட்டர்ஸ்ல இவர் பேரைச் சொல்லிச் சொல்லியே பால், கேஸு, கேன்டீன் சாமான் எல்லாம் வாங்குனவ. புருசன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு நீங்க என்னைக் கடிஞ்சுக்கிட்டே இருப்பீங்க. நீங்க சொல்லாம வச்ச பேர் கெட்டியா இருக்கு. நான் சொன்ன பேர்தான் இப்பம் படுத்துக் கிடக்கு. இதையும் உங்க பக்கத்துல எழுதிக்கிடுங்க.

இப்பம் காரியத்துக்கு வாரேன். கட்டியை எடுத்தாச்சு, ஆனா ஈரல்ல போய் ஒட்டியிருக்காம். முதல் தடவை மருந்து ஏத்துனாங்க. பத்து நாள் எந்திரிக்கல. அடுத்தது 18-ம் தேதி. அளவைக் குறைக்கணுமா வேண்டாமான்னு டாக்டர் யோசிச்சாரு. வடிவு போன வருச ரிப்போர்ட்டைக் காட்டுனா. "போன ஆகஸ்ட்ல இவ்வளவு நல்லா இருந்த உடம்பா? அப்ப ஆறேழு மாசத்துலதான் விழுந்திருக்கு. சத்து உள்ள உடம்பு, முழு அளவும் தாங்கும்"னாரு. ஆனா சரியாத் தெரிஞ்சுக்கிட, எடுத்த எல்லா நம்பரும் வேணுமாம். கைப்பிடி, நடை எல்லாம். அது இந்த ரிப்போர்ட்ல இல்ல, தனிச் சீட்டுல குடுத்தாங்க, உங்க நோட்டுல எழுதி வச்சிருப்பீங்க. அதை அப்படியே எழுதி அனுப்புங்க. 18-க்கு முன்னால வரணும்.

வேற ஒண்ணும் எழுத வேண்டாம்.

உமாராணி


மேலகரம்
11.7.2025, வெள்ளி

அன்புள்ள உமாவுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது நோட்டில் இல்லை. ஆனால் சொன்னேன். உண்மை.

நீ கேட்டபடி நம்பர்களை எழுதுகிறேன். என் நோட்டில் இரண்டு கட்டம். இடது பக்கம் 'அவுக', வலது பக்கம் 'தம்பி' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன்.

முதல் முகாம், 11.8.2024.
தம்பி: ஹீமோகுளோபின் 14.1. ஆல்புமின் என்கிற புரதச் சத்து 4.3. சி.ஆர்.பி., உடம்புக்குள் புகைச்சல் இருந்தால் ஏறும் என்றார்களே, அது 2.
அவுக: ஹீமோகுளோபின் 10.2. ஆல்புமின் 3.2. சி.ஆர்.பி. 21.

இரண்டாவது முகாம், 16.2.2025.
தம்பி: 8.6. 2.8. 40.
அவுக: 13.9. 4.2. 2.

இனி தனிச் சீட்டில் இருந்தது. முதல் முகாமில் நாலு மீட்டர் நடக்க, தம்பி நாலு நொடி, அவுக ஆறரை நொடி. கைப்பிடிக் கருவியை அழுத்தியது, தம்பி 31 கிலோ. அவுக 18 கிலோ.

உமா, இந்தப் பதினெட்டை எழுதும்போது


16.7.2025, புதன்

மேலே பாதியில் நிறுத்தியதை இன்று முடிக்கிறேன். இடையில் நல்ல மழை. போஸ்டாபீசுக்குப் போக முடியவில்லை.

அந்தப் பதினெட்டை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். ரத்தம் எடுத்த சஃப்ரின் என்கிற பிள்ளைதான் கைப்பிடியும் பார்த்தது. கருவியைப் பிடித்திருந்தது தம்பி. அந்தப் பிள்ளை "பதினெட்டு" என்று சத்தமாகச் சொன்னது. உன் பெரியத்தான் சிரித்தார்கள். "ஏலே, இது துப்பாக்கி புடிச்ச கையா, தூக்குவாளி புடிச்ச கையா?" என்றார்கள். தம்பி, "காலையில இருந்து மதினி பச்சத்தண்ணி குடுக்கலண்ணே, கையும் பட்டினி கிடக்கு" என்றது. எல்லோரும் சிரித்தோம். பட்டினியாக ரத்தம் எடுக்க வேண்டும் என்று நான்தான் இரண்டு பேரையும் வெறும் வயிற்றோடு கூட்டிப் போயிருந்தேன்.

தம்பி அழுத்தின பதினெட்டு எப்படி அவுக கட்டத்துக்குள் வந்தது? உறையில் இருந்து அச்சடித்த ரிப்போர்ட்டையே எடுத்துப் பார்த்தேன். தம்பி பேர் போட்ட தாளில் வயது 72 என்று இருக்கிறது. உன் பெரியத்தான் பேர் போட்ட தாளில் வயது 67. இரண்டிலும் என் கையால் நீல மையில் அடித்து, மேலே சரியான வயதை எழுதியிருக்கிறேன். பிப்ரவரி ரிப்போர்ட்டிலும் அதே தப்பு, அதே திருத்தம். பதிவு செய்கிறவன் கோட்டிக்காரன், வயதைக் கூட ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று வைதுகொண்டே திருத்தியது ஞாபகம் இருக்கிறது. கட்டின புருசன் வயது எனக்குத் தெரியாதா?

வயது தப்பு இல்லை உமா. பேர்தான் தப்பு. சரியாக இருந்த ஒன்றை நான் அடித்துத் திருத்தியிருக்கிறேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். அன்று காலை அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. "நீ வரிசையில நில்லு, நாங்க ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரோம்" என்று அண்ணனும் தம்பியும் துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டோக்கன் என் கையில். 41, 42. பதிவு மேசையில் இருந்த பையன் பேர் கௌரிசங்கர். "நாப்பத்தொண்ணு, பேர் சொல்லுங்கம்மா" என்றான். நான், "பெரியவர். எழுபத்திரண்டு வயசு" என்றேன். "வயசு சரி. பேரு?"

என் வாயில் அந்தப் பேர் வந்ததே இல்லை. உனக்குத் தெரியும். கோயிலில் லிங்கத்துக்குக் கீழ் உள்ளதைக் கூட நான் பீடம் என்றுதான் சொல்லுவேன். அது அவுக பேரில் பாதி. தம்பி பேரிலும் அதே பாதி என்பதால், தம்பி பேரையும் நான் சொன்னதில்லை. அதனால் அவனிடம், "சாமி பீடத்துக்கு ஒரு பேர் உண்டுல்லா, அதுல ஆரம்பிக்கும்" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "ஆவுடைன்னு சொல்லுதாங்க தம்பி, வீட்டுக்காரர் பேருல்லா" என்று கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே, "ஆவுடையப்பனா?" என்று கேட்டான்.

இல்லை, அப்பன் இல்லை, மற்றது என்று சொல்ல வேண்டும். மற்றது என்றால் அதுவும் அவுக பேர்தானே. பின்னால் கூட்டம் நெருக்கியது. நான் தலையை ஆட்டிவிட்டேன். குளித்துவிட்டு வந்ததும் அவுகளே சொல்லித் திருத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அடுத்தது 42, வயது 67 என்றேன். "இவுக பேரும் பீடமா?" என்றான். "ஆமா." "அப்ப இவுக ஆவுடைநாயகமா? அப்படித்தான் எங்க தாத்தாவுக்குப் பேரு." அதற்கும் தலையை ஆட்டினேன். பேர் இரண்டும் வந்துவிட்டதே என்று ஒரு நிம்மதி. அவுக வந்ததும் சொல்ல மறந்துபோனேன். டோக்கன் 41-ஐ அவுக கையிலும் 42-ஐத் தம்பி கையிலும் கொடுத்தேன். நம்பரைக் கூப்பிட்டுத்தான் ரத்தம் எடுத்தார்கள். முடித்த பிறகு பேர் அச்சடித்த அட்டை கொடுத்தார்கள். அவரவர் பேர் போட்ட அட்டையை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது முகாமுக்கு அந்த அட்டையோடு போனார்கள். அதனால் பிப்ரவரி ரத்தம் சரியான பேரில் வந்தது. முதல் ரத்தம் மட்டும்தான் மாறினது.

ஆக, போன ஆகஸ்டிலேயே தம்பிக்கு ஹீமோகுளோபின் 10.2. ஆல்புமின் 3.2. சி.ஆர்.பி. 21. கைப்பிடி 18. தம்பி உடம்பு ஆறு மாதத்தில் விழவில்லை. ஒரு வருசத்துக்கு மேலேயே சாய்ந்துகொண்டு இருந்திருக்கிறது. உன் பெரியத்தானுக்கு அப்போதும் ஒன்றும் இல்லை, இப்போதும் ஒன்றும் இல்லை. குழாய் விட்டது தப்பான உடம்பில்.

டாக்டரிடம் இதைக் காட்டு. முழு அளவு மருந்து வேண்டாம் என்று சொல்லு. ஸ்பீடு போஸ்டில் போட்டால் நாளை கட்டாயம் கிடைக்கும் என்று போஸ்டாபீசில் சொன்னார்கள்.

நீ சொன்னது பொய் இல்லை உமா. சாமியிடம் அப்படி வேண்டவில்லை. ஆனால் மாற்றிக் கொடுத்தது நான்தான்.

ஆனந்தவள்ளி


ஓசூர்
30.7.2025

அக்காவுக்கு,

உங்க கடிதம் 19-ம் தேதி காலையில வந்தது. 18-ம் தேதி மருந்து ஏத்தியாச்சு. முழு அளவு.

19-ம் தேதியே அதை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போனேன். வடிவு படிச்சுச் சொன்னா. அவரு ரெண்டு தடவை வாங்கிப் பாத்தாரு, தமிழ் தெரியாது, நம்பரை மட்டும் பாத்தாரு. "ஒரு வருசமாவே ஆல்புமின் இப்படி இருந்திருந்தா நான் இந்த அளவு குடுத்திருக்க மாட்டேன்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. கோவப்படல. கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

அஞ்சாம் நாள் வாயெல்லாம் புண். வெள்ளையணு கீழ போயிட்டு. ஆஸ்பத்திரியில ஒரு வாரம் வச்சிருந்தாங்க. நேத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இனி மருந்து ஏத்த வேண்டாம், வலிக்கு மட்டும் பாத்துக்கிடலாம்னு சொல்லிட்டாங்க. எத்தனை நாள்னு வடிவு கேட்டா. "நாள் கணக்கா, வாரக் கணக்கா, சொல்லத் தெரியல"ன்னாரு.

இவருகிட்ட மறைக்கல. உங்க கடிதம் முழுசையும் வாசிச்சேன். சிரிச்சாரு. வாய்ப்புண்ணோட சிரிக்க முடியல, ஆனாலும் சிரிச்சாரு. "அண்ணனுக்கு அந்தக் குழாயை விட்டானுகளே, அது எனக்கு வந்த குழாயா? பாவம் அண்ணன், மூணு நாளா உக்கார முடியலன்னு திட்டிக்கிட்டே இருந்தாரு"ன்னாரு. அப்புறம், "மதினிகிட்டக் கேளு, இப்பமாவது அண்ணன் பேரைச் சொன்னாங்களான்னு"ன்னாரு. அவருக்குச் சிரிப்பு வருது. எனக்கு வரல.

உங்க கடிதத்துல ரெண்டு தேதி இருக்கு. 11, அப்புறம் 16. ஓசூர்ல இருக்கிற எனக்குத் தென்காசிப் பக்கம் மழை பெய்ஞ்சதா இல்லையான்னு தெரியாதுன்னு நினைச்சீங்களா? வயலைப் பாத்துக்கிடுத நல்லகண்ணு தினமும் போன் பண்ணுவான். அந்த வாரம் சாரல் கூட இல்ல. 11-ம் தேதியே அந்தப் பதினெட்டைப் பாத்துட்டீங்க. சுல்தான் பீவி போன் பக்கத்து வீட்டுல இருக்கு. ஒரு வார்த்தை, "மருந்து ஏத்தாதீங்க"ன்னு மட்டும் மெசேஜ் போட்டிருந்தா போதும். அஞ்சு நாள் என்ன செஞ்சீங்க?

எழுதத்தான் செய்யணும்னு சொன்னது நான். போனை வச்சது நான். அதை நான் என் பக்கத்துல எழுதிக்கிட்டேன். உங்க பக்கத்து அஞ்சு நாளுக்கு மட்டும் பதில் எழுதுங்க. மன்னிப்புக் கேட்டு எழுதாதீங்க. அதை வச்சு நான் என்ன செய்ய?

உமாராணி


மேலகரம்
4.8.2025, திங்கள்

உமாவுக்கு,

மழை பெய்யவில்லை. அது பொய்.

11-ம் தேதி பதினெட்டைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரிப்போர்ட்டை எடுத்து வயதைப் பார்த்தது ஒரு அஞ்சு நிமிஷம். அதற்குப் பிறகு அஞ்சு நாள், உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று கிடந்தேன். சொன்னால் கட்டி வந்தது என்னால் இல்லை, ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டது என்னால் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் நீ வேண்டுதல் என்றே நினைத்துக்கொண்டு இருப்பாய். வேண்டுதல் என்றால் பாதிப் பாவம் சாமிக்கும் போகும் என்று நினைத்தேன். இப்படி எல்லாம் நினைக்க முடிகிறது என்று எனக்கே தெரியாது.

12-ம் தேதி உலகம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் வேண்டாம். சிவப்பு வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது உமா. அதையும் எழுதிவிடுகிறேன். 13-ம் தேதி மறுபடி. சிவப்பு. 14-ம் தேதி வெள்ளை வந்தது. சரியாக மடிக்கவில்லை என்று இன்னொரு தடவை எடுத்தேன், சிவப்பு. நாலு தடவை பார்த்ததில் மூன்று சிவப்பு என்று நோட்டில் எழுதி வைத்தேன். 15-ம் தேதி முழுவதும் படுத்துக்கிடந்தேன். 16-ம் தேதி காலையில் உன் பெரியத்தான், "தம்பிக்கு நாளைக் கழிச்சு ஊசின்னு சொன்னியே, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்கள். அதன் பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். போன் செய்யாதது ஏன் என்றால், உன் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. அஞ்சு நாளும் இதுதான்.

உன் கடிதம் வந்த அன்று அவுகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றுத் தட்டை வைத்தால் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் கை கழுவிக்கொண்டே கேட்டார்கள். "ஏட்டி, பேரைச் சொன்னா நான் செத்துருவேன்னா பயந்த?" ஆமா என்றேன். "சொல்லியிருந்தா நான் செத்திருக்க மாட்டேன். அவனும் பொழைச்சிருப்பான்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொல்லவில்லையே என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதல், அவுகளுக்கு இல்லை.

நேற்று குற்றாலத்தில் அதே மண்டபத்தில் மூன்றாவது முகாம். அங்கே இருந்தவர்கள்: நான், உன் பெரியத்தான், பதிவு மேசையில் கௌரிசங்கர், சஃப்ரின், அந்த டாக்டரம்மா. வரிசையில் எனக்குப் பின்னால் பதினோரு பேர், எண்ணினேன். அவுக பேச வாயைத் திறந்தார்கள். நான் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் சொல்லுதேன்" என்றேன். "நாற்பத்தொண்ணு, ஆவுடைநாயகம், வயது எழுபத்திமூணு. நாற்பத்திரண்டு, ஆவுடையப்பன், வயது அறுபத்தெட்டு. முதல் தடவை ரெண்டையும் மாத்திக் குடுத்துட்டேன், திருத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல் இருந்தது. அவுக திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாற்பத்திரண்டு வருசத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. சந்தோஷப் பார்வை இல்லை.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் திருத்தச் சொன்னார்கள். "நல்லவேளை சொன்னீங்க. ஆயிரத்துச் சொச்சம் பேர் கணக்குல ரெண்டு பேர் மாறினா பெருசா ஒண்ணும் தெரியாது, இருந்தாலும் திருத்துறது நல்லது" என்றார்கள். பிறகு கௌரிசங்கர், "நாப்பத்திரண்டு எங்கம்மா, பின்னால வாராங்களா?" என்று கேட்டான். ஓசூரில் இருக்கிறார், எழுந்திரிக்க மாட்டார் என்றேன். அவன் தம்பி பேருக்கு எதிரே 'வரவில்லை' என்று தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். சஃப்ரின்தான் பாவம், அவுக கையில் ஊசியைப் போடும்போது அதற்குக் கண் கலங்கிவிட்டது. அவுகளுக்குக் கைப்பிடி 30.

தம்பியிடம் சொல்லு. கேட்டதற்குப் பதில், சொன்னேன். பதினோரு பேர் கேட்கச் சொன்னேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவுக நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்காதே என்றாய், கேட்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று. உன் பெரியத்தான் தம்பியைப் பார்க்க வர வேண்டும். பையில் இரண்டு வேட்டி, துண்டு, தம்பிக்குப் பிடிக்கும் என்று கடையம் பக்கத்து நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் வைத்து, வாசல் பக்கம் வைத்திருக்கிறார்கள். வாய்ப்புண்ணில் ஊறுகாய் ஆகாது என்று நான் சொல்லவில்லை. நான் வர வேண்டாம் என்றால் வரவில்லை. சுல்தான் பீவி மகன் ரிஃபாத் பெங்களூருக்குப் போகிறான், அவன் கூட அனுப்பி வைக்கிறேன். தம்பிக்கு நினைவு இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும்.

உறையின் மேல் இதுவரை உன் பேரைத்தான் எழுதினேன். இந்தத் தடவை, திரு. ஆ. ஆவுடையப்பன் என்று எழுதியிருக்கிறேன். போஸ்ட்மேன் கூப்பிட்டால் அவர் காதிலும் விழட்டும்.

இப்படிக்கு,
ஆவுடைநாயகம் சம்சாரம் ஆனந்தவள்ளி

வரட்டும், அல்லது வேண்டாம். இரண்டில் ஒன்று. போனில் சொன்னாலும் சரி, எழுதினாலும் சரி. பதில் சீக்கிரம் சொல்லு.